புது ஸ்போர்ட்ஸ் காரா, செகண்ட் ஹேண்டா? ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும்? முழு கணக்கு இதோ!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருந்துகொண்டு செல்போனில் பழைய கார் விளம்பரங்களைப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த மாதிரி விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 10 வருஷத்துக்கு முன்னால் 50 லட்சத்துக்கு விற்ற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான், இப்போது வெறும் 14 லட்சம்! கிட்டத்தட்ட அதே காசுக்கு ஷோரூமில் ஒரு புது டர்போ ஹேட்ச்பேக்கும் கிடைக்கிறது. "அதே காசுதானே, பெரிய வண்டியையே எடுத்துடலாமே" என்று மனசு சொல்லும்.

சறுக்குவது இங்கேதான். கார் பழசாக ஆக அதன் விலை குறையும். ஆனால் அதன் பிரேக், டயர், கியர்பாக்ஸ் விலை குறையாது. 14 லட்சத்துக்கு வாங்கினாலும், செலவு செய்யும்போது அது 50 லட்ச ரூபாய் கார்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு கணக்கைப் பார்க்கலாம்.

முதலில், எது ஸ்போர்ட்ஸ் கார்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே இரண்டு கதவு ஃபெராரி என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊர் ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் மூன்று வகை.

* டர்போ ஹேட்ச்பேக்: 2021ல் அறிமுகமான ஹூண்டாய் ஐ20 என் லைன் இந்த வகை. பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகிறது. பழைய கார் சந்தையில், 2022ல் உற்பத்தி நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு இன்னும் ரசிகர்கள் உண்டு.

* ஸ்போர்ட்ஸ் செடான்: 150 குதிரைத்திறன் கொண்ட ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி முதல், செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அசெம்பிள் ஆகும் பிஎம்டபிள்யூ எம்340ஐ வரை.

* முழு இறக்குமதி: 2025 மே மாதம் சுமார் 53 லட்சத்துக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ, அதே ஆண்டு அக்டோபரில் 49.99 லட்சத்துக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவை. இரண்டுக்கும் 265 குதிரைத்திறன்.

புது கார்: ஷோரூம் விலைக்கு மேல் என்னென்ன?

ஜிஎஸ்டி: 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 40 சதவீதம். 998 சிசி ஐ20 என் லைன் முதல் பிரிவில் வரும். 4 மீட்டரைத் தாண்டும் விர்டஸ் ஜிடி இரண்டாவது பிரிவு. ஷோரூம் விலையிலேயே இந்த வரி சேர்ந்திருக்கும்.

வாழ்நாள் வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இது உயர்த்தப்பட்டது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இதில் ஒரு விஷயத்தை நோட் பண்ணுங்க. 9.9 லட்ச ரூபாய் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.1 லட்ச ரூபாய் காருக்கு சுமார் 1.82 லட்சம். விலையில் 20 ஆயிரம்தான் வித்தியாசம், வரியில் 53 ஆயிரம்! 50 லட்ச ரூபாய் காருக்கு வாழ்நாள் வரி மட்டுமே 10 லட்சம்.

டிசிஎஸ்: 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். இதை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ்: புது காருக்கு மூன்று வருஷ தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். 2022 ஜூனில் அமலான கட்டணப்படி, 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596 ரூபாய். சொந்த வண்டி சேதத்துக்கான பிரீமியம் தனி.

செகண்ட் ஹேண்ட்: எங்கே மிச்சம், எங்கே ஆப்பு?

பெரிய மிச்சம், தேய்மானம். இன்சூரன்ஸ் கணக்கிலேயே காரின் மதிப்பு முதல் வருஷ முடிவில் 15 சதவீதம், மூன்றாம் வருஷத்தில் 30, ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் குறைக்கப்படுகிறது. அந்த இழப்பை முதல் ஓனர் ஏற்கெனவே தாங்கிவிட்டார். வாழ்நாள் வரியையும் அவரே கட்டிவிட்டார். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி என்றால் அதை நீங்கள் மறுபடி கட்டத் தேவையில்லை.

ஆனால் புதுச்சேரி, கர்நாடகா நம்பர் பிளேட் வண்டி "சீப்பா வருது" என்றால் உஷார். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியும் இங்கே கட்ட வேண்டும். விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள்.

ஆப்பு எங்கே? ஒன்று, இன்சூரன்ஸ். வண்டியின் மதிப்பு குறைந்தாலும் 1500 சிசிக்கு மேல் தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 7,897 ரூபாய்தான், அதில் குறைவில்லை. முழு பாகத் தொகையும் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசியைப் பல நிறுவனங்கள் சுமார் 5 வருஷ வண்டி வரைதான் தருகின்றன. அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு பாதிதான் கிடைக்கும். பம்பர் உடைந்தால் மீதி பாதி உங்க பாக்கெட்டிலிருந்து. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸும் உங்களுக்கு வராது. அது காருக்கு அல்ல, ஓனருக்குச் சொந்தம்.

இரண்டு, ஸ்பேர் பார்ட்ஸ். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் என்று பெரிய பாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகம் செய்யும் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் இறக்குமதி காரின் பாகத்துக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். நிறுவனமே நாட்டைவிட்டுப் போன மாடல்களில் இன்னும் சிரமம். 2015ல் 145 குதிரைத்திறனோடு வந்த ஃபியட் அபார்த் புன்டோ அருமையான வண்டிதான். ஃபியட் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டதால், இன்று அதை வாங்குபவர் முதலில் பாகம் எங்கே கிடைக்கும் என்று தேடி வைக்க வேண்டும்.

நம்ம ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும்?

காலையில் சிடிஎச் ரோட்டில் பாடியிலிருந்து ஆவடி வரை ஓட்டிப் பாருங்கள். பாதி நேரம் முதல் கியர்தான். பல டர்போ கார்களில் இருப்பது டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அதன் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடாகும். ஹைவேயில் மட்டும் ஓடிய வண்டியைவிட, தினமும் நெரிசலில் ஓடிய வண்டியின் கிளட்ச் சீக்கிரம் தேயும். அதனால் "50 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று சொன்னால் மட்டும் போதாது, எங்கே ஓடியது என்றும் கேளுங்கள்.

அடுத்தது மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பகுதிகளில் தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வாக இருக்கும். தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும், வேகத்தடையிலும் அடிவயிறு இடிக்கும். புது காரோ பழையதோ, இன்ஜின் பாதுகாப்புக்கான ஆட்-ஆன் கவர் நமக்கு அவசியம்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் இதற்கு ஏற்றவை. அதற்கு முந்தைய வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய், எரிபொருள் பம்ப் ஆகியவற்றையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

5 வருஷ கணக்கு: எது எவ்வளவு?

இது ஒரு மாதிரிக் கணக்கு. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்ற தொகைகளும் கணக்குக்காக வைத்தவைதான். உங்களுக்கு வரும் கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

1. புது டர்போ ஹேட்ச்பேக் (ஆன்ரோடு 14.75 லட்சம்)
* 5 வருஷம் கழித்து 6.5 லட்சத்துக்கு விற்றால் இழப்பு: 8.25 லட்சம்
* சர்வீஸ்: 60 ஆயிரம்
* டயர் ஒரு செட்: 40 ஆயிரம்
* அடுத்த 4 வருஷ இன்சூரன்ஸ்: 1.2 லட்சம்
* பெட்ரோல் (லிட்டருக்கு 12 கி.மீ.): 4.2 லட்சம்
* மொத்தம்: 14.65 லட்சம். கிலோமீட்டருக்கு சுமார் 29 ரூபாய்.

2. அதே வகை, 5 வருஷம் பழசு (6.5 லட்சம்)
* 3 லட்சத்துக்கு விற்றால் இழப்பு: 3.5 லட்சம்
* சர்வீஸ்: 1.25 லட்சம்
* டயர்: 40 ஆயிரம்
* இன்சூரன்ஸ்: 1 லட்சம்
* பெரிய ரிப்பேருக்கு ஒதுக்கீடு: 1.5 லட்சம்
* பெயர் மாற்றம், செக்கிங்: 10 ஆயிரம்
* பெட்ரோல்: 4.2 லட்சம்
* மொத்தம்: 11.95 லட்சம். கிலோமீட்டருக்கு சுமார் 24 ரூபாய்.

3. 10 வருஷம் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் (14 லட்சம்)
* 6 லட்சத்துக்கு விற்றால் இழப்பு: 8 லட்சம்
* சர்வீஸ்: 4 லட்சம்
* டயர்: 1 லட்சம்
* இன்சூரன்ஸ்: 2.5 லட்சம்
* பெரிய ரிப்பேர்: 4 லட்சம்
* பெயர் மாற்றம், செக்கிங்: 10 ஆயிரம்
* பெட்ரோல் (லிட்டருக்கு 8 கி.மீ.): 6.3 லட்சம்
* மொத்தம்: 25.9 லட்சம். கிலோமீட்டருக்கு சுமார் 52 ரூபாய்.

முதல் வண்டிக்கும் மூன்றாவது வண்டிக்கும் வாங்கும் விலை ஏறத்தாழ ஒன்று. ஓட்டும் செலவு பார்த்தீர்களா? கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

முதல் வண்டியைவிட இரண்டாவதில் 2.7 லட்சம் மிச்சம். ஆனால் ஒதுக்கிய தொகையைத் தாண்டி கியர்பாக்ஸ் ஒருமுறை படுத்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் வாங்குவதற்கு முன் செய்யும் செக்கிங்தான் உங்கள் லாபம்.

லோன் போட்டு வாங்கினால்?

பழைய காருக்கு வட்டி பொதுவாக அதிகம். 8 லட்சம் கடன், 5 வருஷம் என்று வைப்போம். 9 சதவீத வட்டியில் மாதம் சுமார் 16,600 ரூபாய். 14 சதவீதத்தில் சுமார் 18,600. மொத்தத்தில் 1.2 லட்சம் கூடுதல். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் மிச்சத்தில் கிட்டத்தட்ட பாதி வட்டியிலேயே கரையும். முடிந்தவரை கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற பழைய வண்டியைத் தேடுங்கள்.

வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை

* சர்வீஸ் ஹிஸ்டரி: கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண் கொடுத்துக் கேளுங்கள். ஓடிய கிலோமீட்டரை அதோடு ஒப்பிடுங்கள்.

* ஸ்கேன்: விற்பவர் சொல்லும் இடத்தில் வேண்டாம். நீங்கள் கூட்டிப்போகும் மெக்கானிக் ஓபிடி ஸ்கேனர் போட்டு இன்ஜின், கியர்பாக்ஸ் எர்ரர் கோடுகளைப் பார்க்கட்டும்.

* வெள்ள அடையாளம்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேறு கறை தெரியும். கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, சீட் தண்டவாளத்தில் துரு இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

* டயர்: பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2321 என்றால் 2021ன் 23வது வாரம்.

* ஆவணம்: எம்பரிவாகன் செயலியில் கடன், இன்சூரன்ஸ் விவரங்களையும், அபராத பாக்கியையும் பாருங்கள். வங்கிக் கடன் முடிந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். அம்பத்தூர் என்றால் டிஎன் 13, பூந்தமல்லி என்றால் டிஎன் 12.

* மாடிஃபிகேஷன்: சத்தமான சைலன்சர், ரீமேப் செய்த இன்ஜின் இருந்தால் ஆசைப்பட வேண்டாம். அனுமதியில்லாமல் மாற்றிய வண்டிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளைமிலும் சிக்கல் வரும்.

அப்போ, யாருக்கு எது சரி?

தினமும் ஆபீஸுக்கும் அதே வண்டி, வீட்டில் ஒரே கார் என்றால் புது டர்போ ஹேட்ச்பேக்தான் நிம்மதி. வாரன்டி இருக்கும், சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருக்கும்.

செலவைக் குறைக்க வேண்டும், ஆனால் ஓட்டும் சந்தோஷமும் வேண்டும் என்றால் 4, 5 வருஷம் பழைய ஹேட்ச்பேக். ஒரே நிபந்தனை, வாங்கிய பிறகும் ரிப்பேருக்கு 1.5 லட்சம் தனியாக வங்கியில் இருக்க வேண்டும்.

பழைய ஜெர்மன் வண்டி, வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்களுக்கு. அது 10 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் வேலைக்குப் போக வழி இருக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் இஎம்ஐ போட்டு இதை வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எந்த வண்டியாக இருந்தாலும் வேகத்தை ரோட்டில் காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் நம்ம பக்கத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக்கே இருக்கிறது. வேகம் பார்க்க ஆசை என்றால் அதற்கான இடம் அதுதான்.

அடுத்த தடவை "வெறும் 14 லட்சம்" விளம்பரம் வந்தால், விலையைக் கேட்பதற்கு முன் நான்கு டயர், நான்கு பிரேக் டிஸ்க், ஒரு ஹெட்லைட் என்ன விலை என்று சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. அந்த வண்டி உங்க பட்ஜெட்டா இல்லையா என்று அப்பவே தெரிஞ்சிடும்.