குளம்பும் கூலியும்

மன்னர்களின் படைகளைப் பற்றி வரலாறு விரிவாகப் பேசுகிறது. அப்படைகளைத் தாங்கிய உழைப்பாளரைப் பற்றி மிகச் சுருக்கமாகவே பேசுகிறது. ஆதலின், குதிரைக்கு லாடம் கட்டிய தொழிலாளியின் நிலையை இங்குச் சிறிது ஆராய்வோம்.

நம் மயிலத்திற்கு வடமேற்கே உள்ள செஞ்சிக் கோட்டையில் குதிரை லாயங்களை இன்றும் காணலாம். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்கு ராஜனையும் அவன் குதிரையையும் நாட்டுப்பாடல்கள் போற்றுகின்றன. அக்குதிரையின் குளம்பைப் பேணியவனை நாடு மறந்துவிட்டது.

அவன் தொழில் எளிதன்று. குளம்பின் வெளிப்புறம் உணர்ச்சியற்றது. உட்புறமோ உயிருள்ள தசை. ஆணி சற்றே உள்நோக்கிச் சாய்ந்தாலும் தசையைக் குத்தும், குதிரை நொண்டும். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மீண்டும் பொருத்துதல் வேண்டும்.

இத்திறன் இல்லாவிடின் என்னாகும்? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ இதற்கு விடை தருகிறார். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்தன என்கிறார். பராமரிப்பு அறியாமையும் லாடக்காரர் இல்லாமையுமே காரணமாம். விற்பனை குறையுமென அஞ்சிய குதிரை வணிகர், லாடக்காரர் எவரையும் இங்கு வரவிடாது தடுத்தனர் என்றும் எழுதியுள்ளார். குதிரைக்குப் பொன் கொடுத்தவர்கள் கைத்திறனுக்குப் பொருள் செலவிடவில்லை!

லண்டன் மாநகரிலோ, திறமையற்றோர் குதிரைகளைக் கெடுப்பதைத் தடுக்க 1356-இலேயே லாடத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1975-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. முறையாகப் பயின்று பதிவு பெற்றவரே அங்குக் குதிரைக்கு லாடம் கட்டலாம். தகுதிக்குச் சான்று உடையவன் தன் கூலியைத் தானே கூறுகிறான்.

நம் நாட்டில் உழைப்பின் மதிப்பைத் திறமைக்கு முன்னே பிறப்பு முடிவு செய்தது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலையாட்களையே பிரித்துவைப்பது என்று டாக்டர் அம்பேத்கர் 1936-இல் எடுத்துக்காட்டினார். அவரே தொழிலாளர் துறை உறுப்பினராய் இருந்தபோது, 1946-இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டசபையில் கொணர்ந்தார். 1948-இல் அது சட்டமாயிற்று. அளந்த படியை வாய்மூடி ஏற்க வேண்டும் என்ற வழக்கத்திற்கு அது விழுந்த அடி.

இளைஞர்களே! எத்தொழிலை மேற்கொள்ளினும் அதனை முறையாகக் கற்றுச் சான்று பெறுங்கள். வேலை தொடங்குமுன் கூலியைப் பேசுங்கள். இரங்கிக் கொடுத்ததை வாங்கும் கை வேறு. உரியதைக் கேட்டுப் பெறும் கை வேறு. நம் கைகளை இரண்டாவதாக ஆக்கவே நம் கல்விச் சங்கம் இந்த 25 ஆண்டுகளாக உழைத்து வருகிறது.