சூத்திரக் கோடு

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே சுவேதா நதிக்கரையில் அமைந்த தம்மம்பட்டியில், வாகை மரத்தில் தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் செதுக்கி வாழும் சிற்பிகளின் தொழிலுக்கு ஆதாரமாக நிற்பது உளியன்று, ஒரு கோடு. சிற்ப சாஸ்திரங்கள் பிரம்மசூத்திரம் என்று வழங்கும் அது, உச்சியில் தொடங்கி இரு பாதங்களுக்கு இடையே நேராக இறங்கும்; உத்தம தசதாளம் என்னும் அளவுமுறையில் 124 அங்குலமாகவும் நவதாளத்தில் 108 அங்குலமாகவும் உயரத்தைப் பகுத்துக்கொண்டு (கடை அளவுகோலின் அங்குலம் அன்று இது, உருவத்துக்கு உருவம் மாறும்), அகலங்களையெல்லாம் அக்கோட்டிலிருந்தே இருபுறமும் எண்ணுவார்கள். திரிபங்க நிலையில் உடல் மூன்றிடத்தில் வளையும், கோடு வளையாது.

சங்கடம் யாதெனில், உளி முதலில் தின்பது அந்தக் கோட்டைத்தான். மேற்பரப்பைச் சீவியதும் மறைந்துபோகும் அதனை, படிக்குப் படி மீண்டும் நூலடித்து வரைந்தாலன்றி முகம் ஒருபக்கம் ஒதுங்கிவிடும்; ஈரம் உலராத மரம் முறுக்கிக்கொண்டாலோ, திருத்திய கோடும் பொய்யாகிவிடும்.

ஒற்றைக் கோட்டை நம்பும் இத்தகைய விதியைத்தான், 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்ட சி.சி.டி. என்னும் ஒளியுணரிச் சில்லிலிருந்து பிறந்த லைன் ஸ்கேன் கேமராவும் பெற்றிருக்கிறது. 1988-இல் நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் சுமந்த கேமராவில் 2048 ஒளியுணரிகள் ஒரே வரிசையில் இருந்தன. செயற்கைக்கோள் நகர நகர, வரிமேல் வரியாகப் பூமியின் படம் சேர்ந்தது. ஆலைகளில் துணியோ எஃகுத் தகடோ நகர்ந்து கேமராவுக்குப் படம் தருகிறது. அவ்வரிசை நகர்வுக்குச் செங்குத்தாக இல்லாவிடில் சதுரம் சாய்ந்த இணைகரமாகிவிடும். கேமரா ஒருபக்கம் சாய்ந்தாலோ, ஒரு முனை தெளிந்து மறுமுனை மங்கும். வரிக்குக் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பமாதலால் லென்ஸை அகலத் திறக்கவேண்டியிருக்கிறது. திறந்தால் கூர்மையின் ஆழம் குறுகி, தகட்டின் சிறு அதிர்விலும் படம் மங்கலாகிறது.

பொருள் நிற்கையில் இக்கேமராவில் படம் தோன்றாது, செங்குத்துக் கீற்றுகளே தோன்றும். ஆதலின், கூர்மையைச் சரிசெய்ய, கறுப்பு வெள்ளைக் கோடுகள் நெருங்கிய அட்டையை வரிசைக்கு நேரே வைத்து, ஒளியளவின் வரைபடத்தை நோக்குவதே வழக்கம்: கூர்மை சரியானால் ஏற்றமும் இறக்கமும் செங்குத்தாகும், தவறினால் மேடுகள் மழுங்கும். நடுவை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதே பெரும்பாலான பிழைகளுக்கு மூலம் என்பது என் கருத்து. இரு முனைகளையும் பார்த்துச் சாய்வைத் தீர்த்து, பிறகு கோணத்தைத் திருத்தியதும், கூர்மையை மறுபடி சோதிக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும்.