தேர்ச்சிப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

பொதுத்தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில் நம் இரண்டு மாவட்டங்களும் இப்போது தலைப்புச் செய்தி ஆகின்றன. 2023இல் பத்தாம் வகுப்பில் பெரம்பலூர் 97.67 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். 2024இல் அதே இடம் அரியலூருக்கு, 97.31. 2025இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரியலூர்தான் முதல், 98.82. பின்தங்கிய மாவட்டம் என்று முத்திரை குத்தப்பட்ட மண்ணின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உழைத்துப் பெற்றது இது. இதில் நமக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்த விழுக்காடு தேர்வு எழுதியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஒன்பதாம் வகுப்போடு பையைக் கழற்றி வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறிய பிள்ளை அதில் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. கணக்கிலேயே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் நூற்றுக்குச் சுமார் 31 பேர், அரியலூரில் சுமார் 23 பேர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20தான். நிலமில்லாத குடும்பங்களின் பிள்ளைகளே முதலில் கணக்கிலிருந்து விழுகிறார்கள். அரசு அவர்களை 'இடைநின்றவர்' என்கிறது. அவர்கள் தாமாக நின்றார்களா, நிறுத்தப்பட்டார்களா என்று வரலாற்றைக் கேட்போம்.

1855இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் பகலில் உழைப்பவர்களுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். வேலைக்குப் போனவரைக் குறை சொல்லாமல், அவருக்கு ஏற்றபடி பள்ளியின் நேரத்தை மாற்றினார்கள். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். நமக்குப் பக்கத்தில், சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளியையும் விடுதியையும் எழுப்பினார். பள்ளி மட்டும் போதாது, பிள்ளை தங்கிச் சாப்பிட்டுப் படிக்க இடமும் வேண்டும் என்பது அவர் அன்றே கண்ட உண்மை.

எதிர்த்திசையிலும் இழுத்தார்கள். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளி அரை நாள்தான். மீதி நேரம் அப்பன் தொழில். கூலி வேலையைத் தவிர வேறு தொழில் விடப்படாத சேரிப் பிள்ளைக்கு அது மறுபடியும் பண்ணையார் வயல் என்றே பொருள். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடியதில் ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இன்று குலக்கல்வி சட்டமாக இல்லை. ஆனால் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது முடிந்தவரை அபாயகரமானவை தவிர்த்த வேலைகளுக்கு அனுமதிக்கிறது. கல்வி உரிமை முடியும் அதே வயதில் வேலைக் கதவு சட்டப்படி திறக்கிறது. பஞ்சாலைகளின் சுமங்கலித் திட்டம் இந்த வயதுப் பெண்களைத்தான் குறிவைத்தது. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்ற ஆசையில், ஆலை விடுதிக்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் அடைபட்டவர்களில் தலித் பெண்கள் ஏராளம்.

கொரோனா இந்த இடைவெளியை அகலப்படுத்தியது. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்குத் தமிழகம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பிள்ளை எப்போதோ போய்விட்டிருந்தது.

திரும்ப அழைத்து வர வழிகள் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, ஆறாம் வகுப்பில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்த உரிமை உண்டு. எட்டு முடித்து, பதினாலரை வயதும் ஆனவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். இதில் பலர் தடுக்கி விழும் இடம் அறிவியல் செய்முறைப் பயிற்சி. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவருகிறது. பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடம் போனவர்களுக்கு அந்த ஆண்டே துணைத்தேர்வு இருக்கிறது. முடிவு வந்த வாரத்திலேயே அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் பிள்ளை வேலைக்குப் போயிருக்கும்.

ஆனால் சேரித் திண்ணையில் நாம் எதிர்கொள்ளும் கேள்வி விண்ணப்பம் பற்றியதல்ல. "படிச்சி மட்டும் என்ன ஆவப் போவுது?" அரியலூர் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு முகம் இருக்கிறது. குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தார். நீட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். படித்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று இந்த மண்ணில் நின்று நாம் பொய் சொல்ல முடியாது.

நாம் சொல்லக்கூடியது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு ஏணி அல்ல. ஆனால் அது இல்லாவிட்டால் ஐ.டி.ஐ.யின் பெரும்பாலான பிரிவுகள், பாலிடெக்னிக், காவலர் தேர்வு, குரூப் 4 என்று ஒவ்வொரு இடத்திலும் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்ப அவர்களுக்கு இருக்கும் மிக மலிவான காரணம் அது. அந்தக் காரணத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்குவோம். மேலே உள்ள கதவுகளுக்கான போராட்டம் தனியாக நடக்கும், நடக்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த மே மாதம் தேர்ச்சி விழுக்காட்டைப் பகிரும் முன் உங்கள் தெருவில் ஒரு கணக்கு எடுங்கள். உங்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர்? அந்த வித்தியாசத்தில் இருக்கும் பெயர்களை எழுதிக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். நம் வேலை அந்தப் பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறது.