சுவருக்கு அப்பால் பார்க்கும் கண்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவுடன், முதல் வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். நடப்பதை யார் கண்ணால் பார்ப்பது? கதாநாயகன் கண்ணாலா? கூரையைப் பிரித்துக்கொண்டு மேலிருந்து பார்க்கும் கடவுளின் கண்ணாலா? கதவுக்குப் பின்னால் ஒருவன் அரிவாளோடு நிற்பது வாசகருக்குத் தெரிந்து, கதாநாயகனுக்குத் தெரியாவிட்டால் அது ஒருவிதத் தவிப்பு. இருவருக்குமே தெரியாவிட்டால் அது வேறுவிதத் தவிப்பு. இருபது வருஷமாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறேன். ஆனால் அது எனக்குச் சரியாக விளங்கியது, என் தங்கை மகனோடு உட்கார்ந்து வீடியோ ஆட்டம் ஆடியபோதுதான்.

சிரிக்க வேண்டாம். பதுங்கி ஆடும் ஆட்டம் என்று ஒரு வகை இருக்கிறது. சுட்டுத் தள்ளிக்கொண்டு முன்னேறுவதல்ல. யார் கண்ணிலும் படாமல் போய், காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புவது. நம் ஊர்க் கண்ணாமூச்சிக்குத் தூரத்து உறவு. அன்றைக்கு நான் ஆடிக்கொண்டிருந்த உளவாளி ஒரு சுவரோரமாக ஒட்டி நின்றான். நான் காமிராவை மெல்லத் திருப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாராக்காரன் வருவது தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, இது அழுகுணி ஆட்டம்" என்றான் பையன்.

"ஏண்டா?"

"அவன் சுவருக்கு இந்தப் பக்கம் நிக்கறான். நீங்க அந்தப் பக்கம் பார்க்கறீங்க. அவனுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. பதிமூன்று வயதுப் பையன் கேட்ட கேள்வி, விமரிசகர்கள் என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த ஆட்டங்களின் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் எல்லாம் வெளிச்சமாக இருந்தது. 1981-ல் அமெரிக்காவில் ஸைலஸ் வார்னர் என்பவர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக 'காஸில் வுல்ஃபன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தைச் செய்தார். நாஜிகளின் கோட்டைக்குள் அகப்பட்ட கைதி, ரகசியத் திட்டங்களைத் திருடிக்கொண்டு தப்ப வேண்டும். ஒரு திரைக்கு ஓர் அறை. அறைக்குள் நுழைந்தவுடன் சுவர், பெட்டி, காவலர்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தாயக் கட்டத்தைப் பார்ப்பது போலத்தான். 1987-ல் ஜப்பானில் ஹிடியோ கோஜிமா செய்த 'மெட்டல் கியர்' ஆட்டமும் இந்த வழியில் வந்ததுதான். எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற அந்தச் சின்னக் கம்ப்யூட்டரால் ஏகப்பட்ட சிப்பாய்களையும் குண்டுகளையும் ஒரே சமயத்தில் திரையில் காட்ட முடியாது. சண்டை போட வைக்க முடியாததால் ஒளிய வைத்தார். ஏழ்மை சில சமயம் இப்படி ஒரு கலையைப் பெற்றுவிடுகிறது.

மேலிருந்து பார்க்கிற காமிரா நிறையக் காட்டும்; பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டுவிடும். அதில் ஆடுகிறவன் ஒளிந்திருப்பவன் அல்ல, ஒளிந்திருப்பவனை நகர்த்துகிறவன்.

1998 இந்தச் சரித்திரத்தில் முக்கியமான வருஷம். அந்த ஒரே வருஷத்தில் நேர் எதிரான இரண்டு கண்கள் திறந்தன. கோஜிமாவின் 'மெட்டல் கியர் ஸாலிட்' முப்பரிமாணத்தில் வந்தது. காமிரா இன்னும் உயரத்தில்தான் இருந்தது. தூரத்தில் நிற்கிற பாராக்காரன் திரைக்குள் அடங்கமாட்டான். அதற்கு ஈடாக, திரையின் மூலையில் ஒரு ரேடாரைக் கொடுத்தார். பாராக்காரர்கள் புள்ளிகள்; அவர்கள் பார்வை விசிறி போல விரிந்த ஒரு சின்ன வடிவம். அந்த விசிறி மேலே படாமல் போனால் பிழைத்தோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆடிப் பார்த்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அலாஸ்காவின் பனித்தீவை அவர்கள் அவ்வளவு பாடுபட்டுச் சித்திரித்திருக்க, என் கண் முக்கால்வாசி நேரம் மூலையிலிருந்த அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. ஊருக்குப் போனவன் ஊரைப் பாராமல் படத்தையே பார்த்துக்கொண்டு நடந்த கதை.

அதே 1998-ன் கடைசியில், மாஸசூஸட்ஸில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோ 'தீஃப்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இங்கே காமிரா காரெட் என்ற திருடனின் கண்ணுக்குள் இருந்தது. அவன் பார்ப்பதுதான் நாம் பார்ப்பது. முதுகுக்குப் பின்னால் யார் வருகிறான் என்பது தெரியாது. ரேடார் கிடையாது. தான் இருட்டில் நிற்கிறோமா என்பதைக்கூடத் தன் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குத் திரையின் அடியில் ஒரு சின்னக் கல் வைத்தார்கள், வெளிச்சத்தில் ஒளிரும், இருட்டில் மங்கும். கண்ணைக் குறைத்ததற்கு ஈடாகக் காதைக் கொடுத்தார்கள். கல்தரை, இரும்புத் தகடு, கம்பளம் ஒவ்வொன்றிலும் காலடிச் சத்தம் வேறு. கதவில் சாய்ந்து உள்ளே நடப்பதை ஒட்டுக் கேட்கலாம். அந்த ஆட்டத்தை ஒரு ராத்திரி தனியாக ஆடினேன். பாராக்காரன் முணுமுணுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகிற வரையில் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

2002-ல் யூபிஸாஃப்டின் மாண்ட்ரியல் ஸ்டூடியோவிலிருந்து 'ஸ்பிளிண்டர் செல்' வந்தது. என் மருமான் அழுகுணி என்று சொன்ன காமிரா இதனுடையதுதான். அது உளவாளியின் பின்னால் நிற்கிறது; நம் இஷ்டப்படி சுற்றுகிறது. இருட்டில் அவனை நாம் தொலைத்துவிடாதபடி அவன் கண்ணாடியில் மூன்று பச்சை விளக்குகள். அவை நமக்குத் தெரியும். எதிரே வரும் பாராக்காரனுக்கு மட்டும் தெரிவதில்லை! மேடையில் கதாநாயகன் உரக்கப் பேசும் மனக்குரல் பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழாதது போல. இங்கே பயம் குறைந்தது, தந்திரம் கூடியது. அதுவும் ஒரு சுவைதான்.

இவ்வளவு தூரம் வந்தபோது எனக்கு ஒரு கணக்கு புலப்பட்டது. எந்தக் காமிராவும் எதையோ மறைக்கிறது. மறைத்ததற்கு ஈடாக ஏதாவது தர வேண்டும். ஒன்று ரேடாரைத் தந்தது. ஒன்று காதைத் தந்தது. ஒன்று சுவரைத் தாண்டும் கண்ணைத் தந்தது. ஈடு கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது.

2004-ல் வந்த 'மெட்டல் கியர் ஸாலிட் 3' கதை 1964-ல், சோவியத் நாட்டுக் காட்டில் நடக்கிறது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ரேடார் ஏது? எடுத்துவிட்டார்கள். பாட்டரியில் ஓடும் சில கருவிகள் மட்டும் மிச்சம். காமிராவோ பழையபடி உயரத்திலேயே இருந்தது. புல்லுக்குள் படுத்திருப்பவனைச் சுற்றிக் கொஞ்சம் நிலம்தான் தெரியும். திரையின் விளிம்புக்கு அப்பால் நிற்கிற சிப்பாய்க்கு அவன் தெரிவான்; நமக்குச் சிப்பாய் தெரியமாட்டான். நின்று, கதாநாயகனின் கண் வழியாகப் பார்த்து, மறுபடி நகர்ந்து, மறுபடி நின்று... பொறுமைசாலிகள் அதையே ரசித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. பிடிபடுவதில் வருத்தமில்லை, அவசரப்பட்டேன், பிடிபட்டேன் என்றால் தப்பு என்னுடையது. பார்க்க வழியே கொடுக்காமல் பிடித்தால், அது தண்டனையல்ல, அநியாயம்.

அடுத்த வருஷமே, 2005 டிசம்பரில், ஜப்பானில் 'ஸப்ஸிஸ்டன்ஸ்' என்ற பெயரில் அதே ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தது. காடு அதே காடு. கதை அதே கதை. ஆனால் காமிரா கீழே இறங்கி வந்து கதாநாயகனின் முதுகுக்குப் பின்னால் நின்றது. வலது குமிழைத் திருப்பினால் சுற்றும். மரங்களுக்கிடையே தொலைவில் நடமாடும் சிப்பாய் அப்போதுதான் கண்ணில் பட்டான். வேண்டுமென்றால் பழைய காமிராவுக்கும் திரும்பலாம். ஓர் அத்தியாயத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல், சொல்கிறவனை மட்டும் மாற்றியதுபோல இருந்தது எனக்கு. அந்த இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஒரே காட்டை நான் இரண்டு தரம் கடந்தேன். இரண்டும் வேறு வேறு காடு. 2025 ஆகஸ்டில் அந்த ஆட்டத்தைப் புதிதாகச் செய்து வெளியிட்டபோதும் பழைய பாணி, புதிய பாணி என்று இரண்டு காமிராவையுமே வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்தும் எந்தக் கண் உசத்தி என்று தீர்ப்பாகவில்லை.

மருமானை மறுபடி பார்த்தபோது என் பதிலைச் சொன்னேன். "சுவருக்கு அப்பால் பார்ப்பது அழுகுணி இல்லைடா. அப்பால் பார்க்கவும் விடாமல், காதையும் கொடுக்காமல், பிடித்துவிட்டேன் என்று குதிக்கிறதுதான் அழுகுணி."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படின்னா உங்க போன கதையிலே கடைசிப் பக்கத்துல திடீர்னு ஒருத்தன் வந்து கொலைகாரன்னு நின்னானே, அது?"

நான் காபி வந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனேன்.