நீக்கலும் ஒரு குறிப்பு: ‘கார்பீல்டு’ படக்கதையின் இணைய மறுவடிவம்

ஒரு படைப்பு தனக்கு முந்திய படைப்பினைப் பல நெறிகளால் நினைவூட்டும். மேற்கோளாக எடுத்தாளுதல், பெயர் சுட்டுதல், நகையாடித் திரித்தல் என்பன யாவரும் அறிந்தவை. இவை பழைய பொருளோடு புதியதொன்றைக் கூட்டுவன. ஒன்றையும் கூட்டாது, குறைத்தலாலேயே முன்னைப் படைப்பைச் சுட்டும் நெறியும் உண்டு. ‘கார்பீல்டு’ என்னும் அமெரிக்க நாளிதழ்ப் படக்கதை, ‘கார்பீல்டு மைனஸ் கார்பீல்டு’ என்னும் இணையத் தொடரில் எடுத்தாளப்பெற்ற முறை இதற்குச் சான்றாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜிம் டேவிஸ் வரைந்த ‘கார்பீல்டு’, 1978-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் 41 நாளிதழ்களில் தொடங்கிற்று. உண்டியும் உறக்கமுமே விரும்பும் பூனையும், அதனை வளர்க்கும் ஜான் ஆர்பக்கிள் என்னும் இளைஞனும் இதன் தலைமை மாந்தர். ஜானின் கூற்று பேச்சுக் குமிழியிலும், பூனையின் மறுமொழி எண்ணக் குமிழியிலும் அமையும். பெரும்பாலும் மூன்று கட்டங்களுள் இறுதிக் கட்டத்தில் வரும் பூனையின் எண்ணமே நகையை விளைவிப்பது.

2008-ஆம் ஆண்டு, அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சார்ந்த டான் வால்ஷ் இப்படங்களிலிருந்து பூனையை முற்றும் அழித்து வெளியிடலானார். எண்ணக் குமிழிகளை மட்டும் நீக்கிப் பார்த்தோர் அவர்க்கு முன்னரும் இணையத்தில் இருந்தனர். பூனை நீங்கவே, ஜானின் உரையாடல் தனிமொழியாயிற்று. நகை நின்ற இறுதிக் கட்டம் வெறுமை நின்ற கட்டமாயிற்று. ஒரு சொல்லும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. எனினும், நகைச்சுவை தனிமையின் அவலமாக மாறிற்று. மூலத்தை அறிந்தார்க்கே இம்மாற்றத்தின் முழுப்பயன் விளங்கும். ஆதலின் இந்நீக்கலும் குறிப்பேயாம்.

இது மூலத்தைச் சிதைப்பதன்றோ எனின், வரலாறு வேறு விடை தருகின்றது. நூற்பதிப்பில் இடைச்செருகலை நீக்கி மூலபாடம் காண்பர். ஈண்டோ தலைமை மாந்தனே நீக்கப்படுகின்றான். ஆயினும், 1976-ஆம் ஆண்டிலேயே இந்தியானா மாநிலத்தின் ‘பெண்டில்டன் டைம்ஸ்’ இதழில் டேவிஸ் வரைந்த முன்வடிவத்தின் பெயர் ‘ஜான்’ என்பதாகும். அதிலும் பூனை இருந்தது. ஆனால் தொடர் வளர்ப்பவன் பெயரையே தாங்கிற்று. பின்னரே தலைமை பூனைக்கு மாறிற்று. இம்முன்வடிவம் 2019-ஆம் ஆண்டில்தான் பலரும் அறிய வெளிப்பட்டது. எனவே, வால்ஷ் இதனை அறிந்து செய்தார் எனல் பொருந்தாது. அறியாமற் செய்த நீக்கல், தொடரின் அடியிற் கிடந்த பழைய அடுக்கினைப் புலப்படுத்திற்று என்பதே பொருந்தும்.

மற்றொரு சான்றும் உண்டு. 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 23 முதல் 28 வரை, பாழடைந்த வீட்டில் பூனை தனித்துத் துயருறுவதாக டேவிசே வரைந்தார். தனிமை என்னும் பொருள் மூலத்திற்குப் புறம்பானதன்று என்பது இதனால் போதரும்.

உரிமை பற்றிய வினா எஞ்சுகின்றது. பில் கீனின் ‘தி பேமிலி சர்க்கஸ்’ படங்களுக்கு வேறு வாசகங்கள் சூட்டி நகையாடிய இணையப் பக்கம், உரிமையாளர் தரப்பின் எதிர்ப்பால் 1999-ஆம் ஆண்டு நின்றது. டேவிஸ் அவ்வழிச் செல்லவில்லை. 2008-ஆம் ஆண்டிலேயே வால்ஷின் ஆக்கம் அவர்தம் இசைவோடு நூலாயிற்று. அதில் மூலப்படமும் மாற்றிய படமும் ஒருங்கே அச்சிடப்பெற்றன. மூலமும் உரையும் போல இரண்டையும் ஒப்புநோக்கும் வாய்ப்பு இதனாற் கிட்டிற்று. தடை வென்றிருப்பின், மூலத்தைப் பற்றிய ஒரு கூர்த்த திறனாய்வும் உடன் மறைந்திருக்கும். பிறர் ஆக்கத்தைக் களவு என்று ஒதுக்குமுன், அது மூலத்திற்கு யாது விளக்கம் தருகின்றது என ஆராய்தல் அறிஞர் கடனாகும்.