ஆக்ஸ்ஃபோர்டு அகராதி உருவான கதை

ஆங்கிலச் சொற்களின் பொருளையும் வழக்கையும் வரலாற்று முறையில் தொகுக்கும் பெரும்பணிக்கு லண்டன் மொழியியல் கழகம் 1857-இல் வித்திட்டது. 1879-இல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, தம் வீட்டருகே தகரக் கொட்டகை அமைத்து, சுவர் நெடுகச் சொற்சீட்டுகளை வைக்க மாடங்கள் பொருத்தினார். உலகெங்கும் இருந்த தன்னார்வ வாசகர்கள் நூல்களைப் படித்துத் துண்டுச்சீட்டுகள் அனுப்பினர். சீட்டின் இடது மூலையில் சொல்; அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம்; பின்னர் அச்சொல் வந்த முழு வாக்கியம். பதிப்புக் குழுவினர், அகரவரிசையில் அடுக்கிய சீட்டுகளைப் பொருள்வாரியாகவும் கால வரிசையிலும் பிரித்து, ஒவ்வொரு பொருளும் எப்போது தோன்றியது, எது வழக்கொழிந்தது என நிறுவினர். அகராதியின் பெரும்பலம் சீட்டுகளில் வந்த இந்த மேற்கோள் சான்றுகளே. முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது. மர்ரே 1915-இல் காலமானார். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன் 1928-இல் அகராதி நிறைவுற்றது.