மிதிக்காத கால்களின் உழைப்பு: டவுன்ஹில் மிதிவண்டிப் பயிற்சி வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

மலையிறக்க மிதிவண்டிப் போட்டிக்கு, அதாவது டவுன்ஹில்லுக்கு, உடலைத் தயார் செய்வது எப்படி என்று எழுதுபவர்கள் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தொடாமல் போவது அரிது. ஹோவர்ட் ஹர்ஸ்ட்டும் ஸ்டீபன் அட்கின்ஸும் ‘ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் சயின்சஸ்’ இதழில் வெளியிட்ட அந்த ஆய்வு, தேசிய அளவில் போட்டியிடும் 17 ஆண் வீரர்களை அளந்த ஒரு தடத்தில் இரண்டிரண்டு முறை இறங்கவிட்டது. எஸ்ஆர்எம் திறன்மானி நொடிக்கு ஒருமுறை கணக்கெடுத்தது. மிதித்த திறனின் உச்சம் சராசரியாக 834 வாட். ஓட்டம் முழுவதற்குமான சராசரியோ வெறும் 75 வாட், உச்சத்தில் 9 விழுக்காடு. மிதிப்பு வேகம் நிமிடத்துக்கு 27 சுற்று. இதயத் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 168. வயதை வைத்துக் கணிக்கும் உச்சத்தில் 89 விழுக்காடு.

திறனும் மிதிப்பு வேகமும் ஓட்ட நேரத்தோடு பொருட்படுத்தத்தக்க தொடர்பு காட்டவில்லை. ஆகவே இவை டவுன்ஹில்லுக்கு இன்றியமையாத முன்தேவைகள் அல்ல, வண்டியை ஆளும் விதமே முதன்மையானது என்ற திசையில் ஆய்வாளர்கள் முடிவுரைத்தனர். அவர்கள் தயக்கத்தோடு சொன்னது, பிறர் வாயில் ‘டவுன்ஹில்லுக்கு உடல்வலு பெரிதாக வேண்டியதில்லை’ என்ற தீர்ப்பாகத் திரிந்துவிட்டது. அவர்களுடைய அளவீட்டை மதிக்கிறேன். அதிலிருந்து அந்த முடிவு பிறக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முன்கதை

1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே சார்லி கெல்லி நடத்திய முதல் ரீபேக் போட்டியில் ஆலன் பாண்ட்ஸ் வென்ற கதை பலரும் அறிந்தது. ஏறத்தாழ இரண்டு மைலில் 1,300 அடி இறங்கும் தடம் அது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கின் அச்சுக்குடத்தில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும்; ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும். ‘மறுபடி அடைத்தல்’ என்ற பொருளில் வந்த பெயர்தான் ரீபேக். பயிற்சி வரலாற்றுக்கு அந்தப் பெயர் முக்கியமான சான்று. அன்று முதலில் சோர்ந்தது இயந்திரம். மனித உடலின் எல்லை இன்னும் கேள்வியாகவே எழவில்லை.

அந்த மலையில் 4 நிமிடம் 22 நொடியில் இறங்கிச் சாதனை வைத்த கேரி ஃபிஷரும், அவரை நெருங்கி வந்த ஜோ பிரீஸும் சாலைப் பந்தய வீரர்கள். இறக்கத்துக்கு அவர்கள் கொண்டுவந்தது வேறொரு விளையாட்டில் ஈட்டிய உடல்.

இந்த இரவல் நிலை எப்போது முடிந்தது? 1990-இல் டுராங்கோவில் நடந்த முதல் உலகப் போட்டியில் டவுன்ஹில் பட்டத்தை கிரெக் ஹெர்போல்ட் வென்றார். மறு ஆண்டு இத்தாலியின் இல் சியோக்கோவில் ஜான் டோமாக் குறுக்குநாட்டு ஓட்டத்தில் தங்கமும் டவுன்ஹில்லில் வெள்ளியும் பெற்றார். இருவேறு போட்டிக்கும் ஒரே உடல் போதுமானதாக இருந்த காலம் அது. 1992-இல் கனடாவின் புரோமான்ட்டில் இரு போக்குகளும் ஒரே மலையில் நிற்கின்றன. பெண்கள் பிரிவில் வென்ற ஜூலியானா ஃபர்ட்டாடோ 1990-இன் குறுக்குநாட்டு உலக வெற்றியாளர். ஆண்கள் பிரிவில் வென்ற டேவ் கல்லினன் குறுகிய வெடிப்போட்டமான பிஎம்எக்ஸ் களத்திலிருந்து வந்தவர். 1993-இல் வென்ற மைக் கிங்கும் அக்களத்தவரே. டவுன்ஹில்லுக்குத் தனி உலகக்கோப்பைத் தொடர் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

எனவே நெடுந்தூரத் தாங்குதிறனை நம்பிய உடலிலிருந்து வெடிப்புத்திறனை நம்பும் உடலுக்கு மாறிய காலத்தை 1992–93 என்று வைக்கிறேன். சான்று மெலிந்தது என்பது தெரிந்தே இதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் எந்த விளையாட்டிலிருந்து வந்தார் என்பது அவர் என்ன பயிற்சி செய்தார் என்பதற்கான பதிவேடு ஆகாது. இரண்டு ஆண்டுப் பட்டியல் ஒரு போக்கும் ஆகாது. மாற்றத்தை 1995-க்குத் தள்ளுவோரிடமும் நியாயம் உண்டு. அவ்வாண்டு தொடங்கி 2002-க்குள் ஏழு முறை பெரியோர் உலகப் பட்டம் வென்ற நிக்கோலா வூயோ, தடத்தை ஆராய்வது முதல் உடலைப் பேணுவது வரை முன்தயாரிப்பையே தொழிலாக்கியவர். மாற்றத்தின் தொடக்கம் 1992, நிலைபேறு 1995 என்று கொள்ளலாம். இதற்குமேல் துல்லியத்தைச் சான்று தாங்காது.

0.51 என்ற எண்

இனி 2006-க்கு வருகிறேன். ஆய்வுச் சுருக்கத்தில் பலரும் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. சராசரி மிதிப்பு வேகத்துக்கும் வண்டியின் வேகத்துக்கும் ஒட்டுறவுக் கெழு 0.51, அது தற்செயலாக அமைய வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழ். அடுத்த சில வரிகளில், மிதிப்பு வேகத்துக்கும் ஓட்ட நேரத்துக்கும் தொடர்பில்லை என்று வருகிறது.

இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தடம் ஒன்று, தொலைவு மாறாதது. அப்படியானால் சராசரி வேகம் என்பது ஓட்ட நேரத்தின் தலைகீழ்தான். ஒன்றோடு உறவுடையது மற்றொன்றோடும் கிட்டத்தட்ட அதே அளவு உறவு காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், அந்த வரியிலுள்ள ‘வேகம்’ ஓட்டத்தின் சராசரி வேகமாக இருக்க முடியாது. அல்லது இரு கணக்குகளுக்கும் எடுத்துக்கொண்ட தரவுகளின் எண்ணிக்கை வேறு.

எண்ணிக்கை பற்றிய ஐயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 17 பேரை வைத்துக் கணக்கிட்டால், நூற்றில் ஒன்று என்ற கடுமையான வரம்பைத் தாண்ட ஒட்டுறவு 0.61 அளவில் இருக்க வேண்டும், 0.51 அதை எட்டாது. 34 ஓட்டங்களையும் தனித்தனியே எண்ணினால் 0.44 போதும், 0.51 எளிதாகத் தாண்டும். ஆகவே அந்த வரி ஆட்களை எண்ணாமல் ஓட்டங்களையோ, அதைவிட நுண்ணிய அலகையோ எண்ணியிருக்க வேண்டும். நொடிக்கணக்கிலான தரவு என்றால் அந்த 0.51, தடத்தின் எந்தப் பகுதியில் மிதிக்க இடமிருந்தது என்பதைத்தான் சொல்கிறது. யார் விரைந்தவர் என்பதைச் சொல்லவில்லை. இரண்டில் எது என்பதைச் சுருக்கத்தின் வாசகம் தீர்த்து வைக்கவில்லை. என் வாதமும் அந்த வாசகத்தின் மேல்தான் நிற்கிறது. அதன் எல்லை அது.

ஆனால் ஒன்று உறுதி. 17 பேர் என்ற அளவில், நூற்றில் ஐந்து என்ற வழக்கமான வரம்பைக் கடக்கவே ஒட்டுறவு 0.48 தேவை. திறனுக்கும் நேரத்துக்கும் 0.4 அளவில் உண்மையான உறவு இருந்தாலும் இந்த ஆய்வின் கண்ணில் அது பெரும்பாலும் படாமலே போகும். படவில்லை என்பதை இல்லை என்று படித்ததுதான் பிழை.

அதைவிட ஆழமான பிழை ‘முன்தேவை’ என்ற சொல்லில் இருக்கிறது. தேர்ந்த நாதசுரக் கலைஞர்கள் பதினேழு பேரை அமரவைத்து மூச்சின் கொள்ளளவை அளந்தால், அவர்களில் யார் தோடியை விரிவாக வாசிப்பார் என்பதை அந்த அளவு சொல்லாது. அதனால் நாதசுரத்துக்கு மூச்சு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பதினேழு பேரும் அந்த மூச்சைக் கடந்து வந்த பிறகுதான் அந்த அவையில் அமர்ந்தார்கள். ஹர்ஸ்ட்டும் அட்கின்ஸும் அளந்தவர்கள் சராசரியாக 834 வாட் உச்சத்தை எட்டக்கூடியவர்கள். ஓட்டத்துக்குச் சராசரியாக 38 மிதிப்புச் செயல்களும், மிதிக்கும் வேளைகள் சராசரி 5 நொடியும் பதிவானதாக அவர்களே சொல்கிறார்கள். குறுகிய வெடிப்புகளை மீண்டும் மீண்டும் எழுப்பும் உடல் அது. அதை 75 வாட் என்ற சராசரிக்குள் கரைத்தால் உழைப்பின் வடிவமே மறைந்துபோகும்.

கருவி காணாத உழைப்பு

தாழ்ந்த திறனும் உயர்ந்த துடிப்பும் சேர்ந்து வந்ததை ஆய்வாளர்கள் முரணாகவே கண்டனர். அந்த முரண் உடலில் இல்லை, கருவியின் இருப்பிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. திறன்மானி இருப்பது பெடல்களைத் தாங்கும் கிராங்கில். சங்கிலிக்குப் போகும் வேலையை மட்டுமே அது அறியும். டவுன்ஹில் வீரர் பெடல்களைக் கிடைமட்டமாக நிறுத்தி, முழங்காலும் முழங்கையும் மடக்கி, இருக்கையில் அமராமல் இறங்குகிறார். மேட்டில் வண்டியை மேலிழுத்து, சரிவில் அழுத்தி, அந்த அழுத்தத்தாலேயே வேகம் ஈட்டுகிறார். ஒவ்வொரு கல்லின் அடியையும் தொடையும் முதுகும் முன்கையும் வாங்கிக்கொள்கின்றன. இவற்றில் எதுவும் வாட் கணக்கில் ஏறுவதில்லை. இதயம் மட்டும் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அச்சமும் கிளர்ச்சியும் துடிப்பை ஓரளவு உயர்த்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக்கோப்பையில் ஆரன் குவின்னின் சங்கிலி தொடக்கத்திலேயே அறுந்தது. அதன்பின் ஒரு மிதியும் இல்லாமல் அவர் வென்றார். மிதிப்பு வேண்டாம் என்பதற்கு இதையே பெருஞ்சான்றாகக் காட்டுவார்கள். நான் இதைத் திருப்பிப் படிக்கிறேன். அன்று அவர் வண்டியில் திறன்மானி இருந்திருந்தால் ஏறத்தாழச் சுழியத்தைக் காட்டியிருக்கும். உலகின் முதல் இடத்தைப் பெற்ற ஓர் ஓட்டத்தை உழைப்பே இல்லாதது என்று சொல்லும் அளவுகோலை, அந்த உழைப்பின் அளவுகோலாகக் கொள்ள முடியுமா?

மறுபக்கத்தில் ஆன்-கரோலின் ஷோசோன் இருக்கிறார். 1996 முதல் டவுன்ஹில் உலகப் பட்டங்களைத் தொடர்ந்து வென்ற அவர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் தங்கம் பெற்றார். ஒரு நிமிடத்துக்குள் முடியும் வெடிப்போட்டம் அது. சிறுவயதில் பிஎம்எக்ஸில் தொடங்கியவர் என்பதால், அந்தத் திறன் டவுன்ஹில் தந்ததா, டவுன்ஹில்லுக்கு அவர் கொண்டுவந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. டவுன்ஹில் உடலில் அது அழியாமல் வாழ்ந்தது என்பது மட்டும் தெளிவு.

பிடியின் வரலாறு

2012-இல் ஜேமி பர் குழுவினர் பொழுதுபோக்காக இறங்குவோரை அளந்தபோது ஆக்சிஜன் நுகர்வு நிமிடத்துக்குக் கிலோ ஒன்றுக்கு 23 மில்லிலிட்டர்தான், உச்சத்தில் பாதியளவு. 2015-இல் ஜோயல் சிட்லி குழுவினர் கண்ட அளவு 49. இறக்கத்தின் 90 விழுக்காடு மூச்சிரைப்பின் முதல் வரம்புக்கு மேல். உலாவும் இறக்கமும் போட்டி இறக்கமும் ஒரே பெயரில் வழங்கும் இரு வேறு வேலைகள் என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

சிட்லி குழுவினரின் இன்னொரு முடிவு எனக்கு முழுச் சாதகம் அல்ல. ஓட்ட நேரத்தை விளக்குவதில் ஓட்டும் திறமையின் எடை 0.76, கைப்பிடித் தாங்குதிறனின் எடை 0.14. வண்டியை ஆளும் விதமே முதன்மை என்ற ஹர்ஸ்ட்-அட்கின்ஸ் கருத்து இங்கே வலுப்பெறுகிறது; அதை ஒப்புகிறேன். ஆனால் திறமைக்கு அடுத்ததாக எஞ்சி நின்றது எது? பிடி. முன்கை இறுகி விரல் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும் நிலையை வீரர்கள் ‘ஆர்ம் பம்ப்’ என்பார்கள். அந்த நிலையில் எவ்வளவு திறமை இருந்தும் அதை வெளிக்காட்டக் கை இருக்காது. ஹர்ஸ்ட்டும் 2012-இல் பிற ஆய்வாளர்களோடு சேர்ந்து, இறக்கத்தில் மேலுடல் தசைகள் எப்படி இயங்குகின்றன என்பதை அளக்கப் போனார். கிராங்குக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பதை அவர் பணியே காட்டுகிறது.

இந்த இடத்தில் ரீபேக் என்ற பெயருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சஸ்பென்ஷன் வந்தது, டிஸ்க் பிரேக் வந்தது; உடலின் சுமை குறையும் என்று எதிர்பார்த்திருக்கலாம். கூடியது வேகம்தான். தாங்கும் இயந்திரம் கிடைத்ததும் தடம் கடினமாயிற்று. முதலில் சோரும் உறுப்பு அச்சுக்குடத்திலிருந்து முன்கைக்கு இடம் மாறியது. எந்த ஆண்டில் மாறியது என்று குறிக்க என்னிடம் சான்றில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று ஊகிக்கிறேன். பயிற்சியாளர்கள் கைப்பிடியின் வலுவுக்கும், மடக்கி நிற்கும் காலுக்கும், 5 நொடி வெடிப்புக்கும், அவற்றுக்கு அடியில் மூச்சுக்கும் ஒதுக்கும் நேரம் இந்த இடமாற்றத்துக்கு உடல் தரும் பதில். 75 வாட் என்ற எண்ணைக் காட்டி அதில் எதையும் குறைக்கச் சொல்வோர், அந்த எண் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.